சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு, பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்தில் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறோம். விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் எங்கள் எண்ணிக்கை. இருந்தும் ஆண்டுக் கூட்டம் வந்தால் எங்கள் பேச்சு அடிபடுகிறது. "ஆளாளுக்கு நாலு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் தமிழ்ப்பள்ளி என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தமிழ்ப்பள்ளி மேல் அக்கறை இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அதனால்தான் ஆளுக்கொரு பதில் சொல்லாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பல வயதுப் பிள்ளைகளை ஒரே வீட்டில் படிக்கவைப்பதில் எது நடக்கிறது, எது நடக்காது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். நடக்காதவற்றில் பலவற்றை உங்களால்தான் கொடுக்க முடியும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு 16, அடுத்தவனுக்கு 14, மூன்றாமவனுக்கு 10, கடைக்குட்டிக்கு 5. மூத்த இருவரும் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில்தான் படித்தார்கள். மூன்றாமவனுக்கு வலிப்பு நோய். மருந்து மாற்றும்போதெல்லாம் நாள்கணக்கில் தூக்கமும் சோர்வுமாக இருப்பான். அவனுக்காகக் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து, மருத்துவர் கடிதம் கொடுத்து, விலக்கு வாங்கினோம். அவனை வைத்துத்தான் எங்கள் வீடு பள்ளிக்கூடம் ஆனது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடக் கூடாது. மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்கு என்பது அமைச்சு கொடுப்பது, நாமே எடுத்துக்கொள்வது இல்லை. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்க 2025இல் நாடாளுமன்றத்துக்குச் சட்டத் திருத்தம் வந்தது. ஆகவே எங்கள் இரண்டாமவனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். அவனுக்கும் அதில் விருப்பம்தான். காற்பந்து பைத்தியம், வீட்டில் பதினொரு பேர் இல்லை.

சரி, தமிழ்ப்பள்ளி காலியாவது எங்களால்தானா?

இல்லை என்று உங்களுக்கே தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த வேலையும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போனது. எல்பில், டோவன்பி, ஹேவூட் என்று லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நிறைய ஆள் இருந்த தோட்டங்களின் பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஆறு ஏழு பிள்ளை என்பது போய் இரண்டாகிவிட்டது. பட்டணத்துக்குப் போனவர்களில் கணிசமானவர்கள் தேசியப் பள்ளியையோ சீனப்பள்ளியையோ தேடுகிறார்கள். நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை சரிந்ததற்கு இவைதான் காரணம். எங்கள் நாலைந்து வீட்டைக் கணக்கில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

அப்புறம், பல வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்துப் படிப்பு சொல்வது என்னவோ அமெரிக்காவிலிருந்து வந்த மோகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது நம் தோட்டத்துப் பழக்கம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளிகள் பலவற்றில் ஓர் அறை, ஒரு வாத்தியார். கணக்கு எழுதும் கிராணியோ, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியோ வாத்தியார் வேலையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் உண்டு. இன்றைக்கும் மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போன பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து 'கெலாஸ் சந்தும்' நடத்துகிறார்கள். அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் கிடைக்கும் அறிவு, வெளிநாட்டுக்காரர்கள் விற்கும் வழிகாட்டிகளில் கிடைக்காது. முதல் ஆண்டுக்கு வேலை கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் சொல்வது, சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது, எல்லாரையும் சேர்த்து ஒரே தலைப்பில் தொடங்கி அவரவர் வேலைக்குப் பிரித்து அனுப்புவது. இதெல்லாம் எனக்கு அப்படிப்பட்ட ஓர் ஆசிரியை சொல்லிக்கொடுத்தது.

எங்கள் வீட்டில் ஓடுவதும் இதுதான். தலைப்பு ஒன்று, மேசை ஒன்று, வேலை மட்டும் வயதுக்கு ஏற்றபடி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் மாமாவுக்குச் சிறுதோட்டம் உண்டு. அங்கிருந்து ஒரு செம்பனைக் குலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் பழைய சாக்கை விரித்துப் போட்டோம். கடைக்குட்டிக்கு வேலை, உதிரிப்பழத்தைப் பத்துப் பத்தாகக் குவிப்பது. கை பூராவும் ஆரஞ்சு நிறம். மூன்றாமவன் தராசில் குலையை நிறுத்து, கிலோ இத்தனை காசு என்றால் ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று பெருக்கினான். குலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கச்சா எண்ணெயாகும் என்று சொன்னதும், இரண்டாமவன் விழுக்காட்டுக் கணக்கில் இறங்கினான். வெட்டிய குலையை ஏன் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக இவ்வளவு அவசரம் என்ற கேள்வியை மூத்தவளிடம் விட்டேன். பழம் அடிபட்டதும் அதிலுள்ள லிப்பேஸ் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது, கொழுப்பு அமிலம் கூடிவிடுகிறது, ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேகவைப்பது அந்த நொதியை அடக்கத்தான் என்று அவளே தேடிப் படித்துத் தம்பிகளுக்குச் சொன்னாள். அவள் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர். தான் தினமும் செய்கிற வேலைக்கு மகள் காரணம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குள் மாமியார் வந்து உட்கார்ந்தார். அவருடைய இளவயதில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் போட வேண்டும். ஆண்பூவின் பொடியை டால்கம் பவுடரோடு கலந்து, கைப்பம்பில் எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து பெண்பூவில் அடிப்பது பெண்கள் வேலை. கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து 1981இல் தோட்டங்களில் விட்டார்கள். அந்த வண்டு மகரந்தத்தைத் தானே சுமந்துகொண்டு போனது. அந்த வேலை போயிற்று. "வண்டு வந்துச்சு, எங்களை வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க" என்றார் மாமியார். மூன்றாமவன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அந்த வண்டைத் தேடப் போனான். அறிவியல், கணிதம், நம் சொந்த வரலாறு மூன்றும் ஒரே காலையில், நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து. இது எனக்கு மறக்க முடியாத பாடம்.

வரலாறும் இப்படித்தான் சேர்ந்து நடக்கும். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) வரலாற்றுப் பாடத்தில் வரும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த 1948 அவசரகாலத்துக்கு உடனடிக் காரணமான கொலைகள் நடந்தது நம் ஊரில், ஜூன் 16ஆம் தேதி, எல்பில் தோட்டத்திலும் அதை அடுத்த இன்னொரு தோட்டத்திலும். அந்தச் சாலையில் மோட்டாரில் போகிற பிள்ளைகளுக்கு அது பாடநூலில் ஒரு வரியாக மட்டும் இருக்கக் கூடாது. கோலகங்சார் பக்கத்தில்தான் இருக்கிறது. 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிறது. நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்ததற்கும் அந்த மரத்துக்கும் என்ன தொடர்பு என்று அதன் அடியில் நின்று சொல்ல முடிகிறது. ஐந்து வயதுப் பிள்ளை மரத்தைத் தொட்டுப் பார்க்கிறது, பதினாறு வயதுப் பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளர் முறையைப் பற்றிக் கேட்கிறது.

தமிழுக்குச் சொல்வதெழுதுதல். பழைய முறைதான், ஆனால் பல வயதுக்கு ஒருசேர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் நாளிதழில் அன்றைய செய்தி ஒன்றை எடுத்து மெதுவாக வாசிப்பேன். கடைக்குட்டி 'ம' வரும் இடத்தில் கை தட்ட வேண்டும். மூன்றாமவன் மூன்று வாக்கியம் எழுதினால் போதும். இரண்டாமவன் முழுப் பத்தியையும் எழுதுவான். மூத்தவள் எழுதி முடித்து, அந்தச் செய்தியைப் பற்றித் தன் கருத்தை ஐந்தாறு வரியில் சேர்ப்பாள். அப்புறம் நோட்டுகளை மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். ரகர றகரச் சண்டையும், ழகரம் ளகரம் தகராறும் தினம் நடக்கும். நான் சுட்டிக்காட்டும் பிழையைவிட அண்ணன் பிடித்த பிழை தம்பிக்கு நன்றாக நினைவில் நிற்கிறது.

கணிதம் மட்டும் சேர்ந்து நடக்காது. வாசிக்கத் தொடங்கும் பிள்ளையின் வாசிப்பும் அப்படித்தான். இவை இரண்டுக்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார வேண்டும். இருபது நிமிடம் போதும், ஆனால் அந்த இருபது நிமிடம் முழுசாக அந்தப் பிள்ளைக்கே இருக்க வேண்டும். முதலில் கடைக்குட்டியோடு உட்கார்ந்துவிட்டால் நல்லது. சின்னதுக்குக் காலையிலேயே அம்மா மடி கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தானாக விளையாடும். கடைசியில் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தால் காலை முழுக்க முந்தானையைப் பிடித்துக்கொண்டு எல்லார் பாடத்தையும் கலைக்கும்.

இனி நடக்காதவை.

பள்ளி நேர அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி, ஏழரைக்கு மணி அடித்து, அரை மணிக்கு ஒரு பாடம் என்று மாற்றுவது நடக்காது. நாலு பிள்ளைக்கு நாலு அட்டவணை போட்டால் தாய் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடியே களைத்துவிடுவாள். பயிற்சிப் புத்தகத்தைக் கட்டுக்கட்டாக வாங்கிக் குவிப்பதும் அப்படித்தான். பக்கம் நிரம்பும், பிள்ளைக்கு விளங்கியதா என்று தெரியாது. கைப்பேசியில் பாடக் காணொளியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, படிக்கிறார்கள் என்று நம்புவது இன்னும் மோசம். வெளிநாட்டுப் பாடத்திட்டப் பெட்டியை விலைக்கு வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதில் பனி பெய்யும், ஆப்பிள் மரம் வரும், ரிங்கிட்டும் வராது, தமிழும் வராது. இந்தத் தமிழ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று சொல்லி ஆங்கிலத்தில் மட்டும் எல்லாவற்றையும் நடத்தி, எழுதப் படிக்கத் தமிழ் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் இழப்பது பெரிது. இதைப் பார்த்துத்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள் என்றால் அந்தக் கவலை நியாயம்.

மூத்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பல பிள்ளைகள் உள்ள வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வது, "பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அம்மாவுக்குப் பாரம் குறையும்" என்பது. அளவோடு என்றால் உண்மைதான். சொல்லிக்கொடுக்கும்போது தனக்கே தெளிவாகிறது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சின் மறுபக்கம் தெரியும். அம்மா விடியும் முன்பே பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போய்விடுவார். ஆயாக் கொட்டகையில் விட முடியாத குழந்தையை மூத்த பெண் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். சோறு ஆக்குவாள், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவாள். தன் புத்தகப்பை ஆணியில் தொங்கும். நாலாம் ஐந்தாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோன மூத்த பெண் இல்லாத லயம் எந்தத் தோட்டத்தில் இருந்தது? என் அம்மாவும் அவர்களில் ஒருவர். தம்பிமார் மூவரும் படித்து வேலைக்குப் போனார்கள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

வீட்டுக் கல்வி அந்த வழக்கத்தை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது. மூத்த மகள் சம்பளமில்லாத ஆசிரியையாகவும், பாதிநேர ஆயாவாகவும், மீதி நேரத்தில் மாணவியாகவும் இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும், "எவ்வளவு பொறுப்பான பெண்" என்று பாராட்டுவோம். எஸ்.பி.எம். வரும்போது அவள் கையில் எதுவும் இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். தம்பிகளுக்கு இரவில் கதை வாசிப்பது அவள் விருப்பம், வாசிக்காவிட்டால் யாரும் கேட்கக் கூடாது. பாடம் சொல்லும் கடமை என்னுடையதும் என் கணவருடையதும். மதியம் அவள் படிக்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. ஷிப்ட் இல்லாத நாளில் சமையல் அவருடைய வேலை. "ஆம்பளை சமைக்கிறதா" என்று கேட்டவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்கிறார்.

அடுத்தது மலாய் மொழி. வீட்டில் தமிழ், தமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீடும் தமிழ், கோயிலிலும் தமிழ். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வகுப்பறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் காதில் விழுகிற மலாய், வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு விழாது. இலக்கணத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம், வாயில் வராது. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியில் தேறியாக வேண்டும், 2013 முதல் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். வரலாற்றுத் தாள் எழுதுவதும் மலாயில்தான். ஆகவே மலாய் வலுவில்லாத பிள்ளைக்கு ஒரு பாடம் போவதில்லை, சான்றிதழே போகிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போன தமிழ்ப்பள்ளி மாணவர்களும் இதில் தடுமாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் இரண்டு மடங்கு.

அறிவியல் ஆய்வுக்கூடம் வீட்டில் கிடையாது. செம்பனைக் குலையை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் பியூரெட்டைத் திருகி ஒவ்வொரு சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவதைப் பேசிப் புரியவைக்க முடியாது. 2021 முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்கு எஸ்.பி.எம்.மில் செய்முறைத் தேர்வும் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் வெளியில் தெரியாது. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் ஒழிக்கப்பட்டன. பிஞ்சு வயதில் தேர்வு பயம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். பள்ளியில் இருக்கிற பிள்ளைக்கு அதற்குப் பதிலாக வகுப்பறை மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வும் இருக்கின்றன. வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எஸ்.பி.எம். வரைக்கும் வெளியார் யாரும் பார்த்து, "இந்தப் பிள்ளை இந்த அளவில் இருக்கிறது" என்று சொல்ல வழியே இல்லை. தாய்க்குத் தன் பிள்ளை எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைதான். வேறொரு கண் பார்க்க வேண்டும். பாடநூல் இரவல் திட்டமும் பள்ளியில் பதிந்த பிள்ளைகளுக்குத்தான். தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடநூலைக் கடையில் தேடி வாங்குவது பெரும்பாடு.

கடைசியாக, ஒரே ஆளால் இது நடக்காது. வேலைக்குப் போகிற தாய், துணையில்லாமல் தனியாக வளர்க்கிற தாய், கடனில் ஓடுகிற குடும்பம், இவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பள்ளிக்கே அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். பள்ளியில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உணவு கிடைக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கல்வி எல்லார் வீட்டுக்கும் ஏற்றது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலையில் பள்ளி நூலகத்தை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். பள்ளியில் பதிந்த பிள்ளை, பதியாத பிள்ளை என்று பார்க்க வேண்டாம். பட்டணத்துப் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளும் வரட்டும், தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் மறந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் வரட்டும். இதற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், பொறுப்பு யார், காப்புறுதி என்ன என்ற கேள்விகள் வரும் என்பது எனக்குத் தெரியும். கடிதம் எழுதும் வேலையையும், பெற்றோர் கையெழுத்து வாங்கும் வேலையையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பள்ளி வளாகத்தில் முடியாது என்றால் கோயில் மண்டபத்தில் நடத்தலாம், புத்தகத்தை மட்டும் இரவல் கொடுங்கள்.

திருக்குறள் மனனப் போட்டி, கதை சொல்லும் போட்டி, விளையாட்டுப் பயிற்சி, இவற்றில் எங்கள் பிள்ளைகளை விருந்தினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசு வேண்டாம், பெயர்ப் பட்டியலிலும் வேண்டாம். மேடையில் நின்று நாலு பேர் முன்னால் பேசிப் பழகினால் போதும்.

ஓய்வு பெற்ற மலாய் மொழி ஆசிரியர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, புத்தகம் இல்லாமல், பேச்சு மட்டும். தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும். இடைநிலைப்பள்ளிக்குப் போகப்போகிற உங்கள் மாணவர்களுக்கும் அது உதவும். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கி, தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்க முடிந்தவர்களின் பேரப்பிள்ளைகளால் ஓர் ஆசிரியருக்கு வாரம் ஒரு மாலைக்கான பணத்தைச் சேர்க்க முடியாதா?

ஆண்டிறுதியில் ஒருமுறை, கெலாஸ் சந்தும் நடத்திப் பழகிய ஆசிரியர் ஒருவர் எங்கள் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, எங்கே பின்தங்கியிருக்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னால் போதும். கடுமையாகச் சொல்லுங்கள், பரவாயில்லை.

அப்புறம், திரும்பி வருகிற பிள்ளைகள். வீட்டில் ஒன்றிரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை, "வீட்டில் என்ன கிழித்தாய்" என்று வகுப்பின் முன்னால் கேட்காமல் இருக்க வேண்டும். இது நம் வட்டாரத்தில் நடந்திருக்கிறது. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், சொல்வதற்காக எழுதவும் இல்லை. அந்தப் பிள்ளை மறுபடியும் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. வீட்டுக் கல்வியால் தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் குறைகிறார்கள் என்று கவலைப்படுகிற நாம், திரும்பி வருகிறவர்களுக்குக் கதவை அகலமாகத் திறந்துவைக்க வேண்டாமா? என் கடைக்குட்டி ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போவாள். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பதிலுக்கு நாங்கள் என்ன தருவோம் என்று கேட்பீர்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். முப்பது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியரால் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார முடியாது. எங்களுக்குப் பழகிப்போனது அதுதான், ஒரு பிள்ளை, ஒரு புத்தகம், இருபது நிமிடம். பள்ளி சொல்லும் நாளில் வந்து, பள்ளி காட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் தயார். பின்னணிச் சரிபார்ப்பு, அனுமதிக் கடிதம் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். செம்பனைக் குலைப் பாடத்தை உங்கள் நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்த என் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாமாவும் குலை கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். மாமியாரை அழைத்துவருவது என் பொறுப்பு, பேச ஆரம்பித்தால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தச் சனிக்கிழமை நூலகம் பற்றி ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'இதர விவகாரங்கள்' என்ற கடைசி வரியில் வேண்டாம், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். பேச நேரம் கொடுத்தால் நேரில் வருகிறேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கான கடிதத்தின் வரைவையும் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நான்கு பிள்ளைகளின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்